கணக்கில் வராத ஸ்வெட்டர்கள்

சாந்தாமேரி அக்கா ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டின் துணி வெளுக்கும் பகுதியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். நாற்பத்து மூன்று வயது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று நாள் முழுவதும் நீராவிக்குள் நிற்க வேண்டிய வேலை. தொடர் விடுமுறை வந்தால் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து விழும். "கீழ இருந்து வர்றவங்க சொகமா தூங்கோணும்னு நாங்க இங்க வெந்துட்டு இருக்கறோம்" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அந்த வேலையை இந்த மே மாதம் விட்டுவிட்டு, அதே ரிசார்ட்டில் அறை கூட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார். மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. அவருக்கு முழங்கால் வலி வேறு. அவர் அப்படி மாறியதற்குக் காரணம் நான். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயன் வீடுகள் வாழவந்திக்குப் போகும் பாதையில் ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரத்தில் இருக்கின்றன. அக்கா பிறந்ததும் அங்கேதான். படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போனால் கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் லாசர் அண்ணனைக் கட்டினார். அவர் எஸ்டேட்டில் வாட்ச்மேன். ஒரே மகளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதான் அவர் வாழ்க்கை என்று யாராவது சொன்னால் எங்கள் சனம் ஒத்துக்கொள்ளாது. ஏனென்றால் அவர் பாடுவார். எங்கள் அந்தோணியார் கோயிலில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். முன்பு பாடியவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டபோது, "நீ எடுத்து உடு புள்ள" என்று யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த இடம் அவருடையது.

கோயில் பெரியதல்ல. அறுபது அடி நீளம். தடித்த கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வளைந்த உயரமான கூரை. உள்ளே நாற்காலி கிடையாது. சனம் ஜமக்காளம் விரித்துத் தரையில்தான் உட்காரும். மைக் இல்லாமல் பாடும் நாட்களில் அக்கா பீடத்தின் கீழ்ப்படியில் நின்று ஒரு வரி பாடுவார். பாடி முடித்ததும் அடுத்த வரிக்குப் போய்விட மாட்டார். அந்த வரி மேலே ஏறி, கூரையில் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கட்டும் என்று காத்திருப்பார். அது அடங்குகிற நேரத்தில் சனம் மெதுவாகச் சேர்ந்துகொள்ளும். அவர் கோயிலோடு சேர்ந்து பாடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருக்கேகூட அது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது.

நான் ஜெப்சன். எங்கள் லயனில் முதலில் பட்டம் வாங்கியவன். சேலத்தில் பி.எஸ்ஸி இயற்பியல் படித்தேன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் பாலசுப்பிரமணியம் அண்ணனின் ஸ்டுடியோவில், பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ரிவெர்ப். ஒரு குரல் எந்த இடத்தில் எழுந்ததோ அந்த இடம் அதற்குத் திருப்பிக் கொடுக்கிற ஒலிதான் ரிவெர்ப். குளியலறையில் பாடினால் ஒரு மாதிரி கேட்கும், மைதானத்தில் வேறு மாதிரி கேட்கும். அதை சாப்ட்வேரில் செயற்கையாக உண்டாக்கலாம். அறையின் நீள அகலம், சுவர் எதனால் ஆனது, தரை எதனால் ஆனது என்று விவரம் கொடுத்தால், இல்லாத அறையைக் கூடக் கட்டிக் காட்டும். உண்மையான அறைக்குள் ஒரு பலூனை உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுத்தால், அந்த அறையின் குணத்தையே உருவி எடுத்து எந்தக் குரலின் மேலும் போர்த்திவிடும். படிப்பு எனக்கு எதற்கும் உதவவில்லை என்ற எண்ணம் வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். இதாவது எனக்குத் தெரியும்.

போன வருடம் நவம்பரில் ஆசிர் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளரும் அவர்தான்.

"ஏஞ்சாமி, ஃபாதர் பிரசங்கம் வெக்கறது ஒண்ணுமே வெளங்கறதில்லன்னு சனம் சொல்லுது. கொழகொழன்னு கேக்குது. பெங்களூர்ல இருக்கற நம்ம ஊர்க் குடும்பம் ஒண்ணு அப்பா நெனவா கூரைக்கு உள்பக்கம் சீலிங் போட்டுத் தர்றங்கறாங்க. எது போட்டா சத்தம் தெளியும்னு நீ கணக்குப் பண்ணிச் சொல்றயா? படிச்ச புள்ள நீ ஒருத்தன்தான நமக்கு?"

படிச்ச புள்ள. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு வியாழக்கிழமை பகலில் லேப்டாப், மைக், ஒரு பாக்கெட் பலூன் எல்லாம் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அக்காவுக்கு அன்று வார விடுப்பு. வியாழக்கிழமைகளில் கோயிலைக் கூட்டுவது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"என்ன கண்ணு, யாருக்குப் பொறந்தநாளு?"

"சத்தம் அளக்கப் போறனுங்கக்கா. கொஞ்சம் வெளிய நில்லுங்க. ஆள் உள்ள இருந்தா கணக்குத் தப்பாப் போயிரும்."

"நான் ஒருத்தி நிக்கறதுலயா உங்க கணக்கு கெட்டுப் போவுது?"

"ஆமாங்கக்கா. துணி, ஒடம்பு எல்லாம் சத்தத்தக் குடிச்சிரும்."

"அட சாமி! இத்தன நாளா நான் குடிச்சது போதாதா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். ஜமக்காளங்களைக்கூடச் சுருட்டி வெளியே வைத்தேன். சுத்தமான அளவு வேண்டும் என்ற வெறி. ஒன்பது பலூன் உடைத்தேன். ஒவ்வொன்றின் சத்தமும் அடங்க மூன்றரை வினாடி ஆனது.

பேச்சு தெளிவாகக் கேட்க ஒன்றேகால் வினாடி போதும் என்று படித்திருந்தேன். சாப்ட்வேரில் எங்கள் கோயிலைக் கட்டினேன். கூரையில் முக்கால் பங்கை மென்மையான நார்ப்பலகையால் மூடிப் பார்த்தேன். ஒன்று புள்ளி மூன்று. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முன் பலகை போட்டார்கள். பிரசங்கம் தெளிவாகக் கேட்டது. ஆசிர் அண்ணன் அறிவிப்பு நேரத்தில் என் பெயரைச் சொன்னார். அப்பா பின்வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஞாயிறு பூசையில் பாட்டுக்கு மைக் உண்டு, கீபோர்டு உண்டு. அதனால் பாட்டில் எந்த வித்தியாசமும் யாருக்கும் படவில்லை. தவக்காலத்து வெள்ளிகளில், இயேசு சிலுவை சுமந்ததைப் பதினான்கு நிலைகளாக நினைத்துப் பாடும் சிலுவைப் பாதையை லயன் லயனாக வெளியில்தான் நடத்துவோம். அதிலும் தெரிய வழியில்லை.

பெரிய வெள்ளி வந்தது.

அன்று எங்கள் கோயிலில் வாத்தியம் கிடையாது. மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மைக்கும் வைப்பதில்லை, அது எங்கள் ஊர் வழக்கம். ஊரெல்லாம் விடுமுறை என்றால் ரிசார்ட்டுகளில் வேலை இரண்டு மடங்கு. அதனால் பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதையை மட்டும் கோயிலுக்குள் விடியற்காலை ஐந்து மணிக்கே நடத்திவிடுவோம். முடித்துவிட்டு எல்லோரும் நேராக வேலைக்குப் போவார்கள். அன்று நூற்றெண்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முந்தின நாள் மாலை மழை பெய்திருந்ததால் நல்ல குளிர். ஸ்வெட்டர், மப்ளர், சால்வை. பெண்கள் பலர் கம்பளியையே போர்த்திக்கொண்டு குழந்தைகளை அதற்குள் வைத்திருந்தார்கள்.

பதினான்கு நிலைக்கும் அக்காதான் பாட வேண்டும். முதல் நிலையில் ஒரு வரி பாடிவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. வரி அவர் வாயைவிட்டு வந்ததுமே தரையில் விழுந்தது போல நின்றுவிட்டது. சனம் எப்போது சேர்வது என்று தெரியாமல் விழித்தது. அவர் அடுத்த வரியைச் சற்று உரக்க எடுத்தார். அதற்கடுத்ததை இன்னும் உரக்க. மூன்றாம் நிலைக்கு வருவதற்குள் சுருதி ஏறிவிட்டது. ஆறாம் நிலையில் மூச்சு வாங்கினார். நான் போனில் பதிவு செய்துகொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தேன். ஒன்பதாம் நிலையில், ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடத்தில், அவர் குரல் பிளந்தது. ஒரு வரியின் நடுவில் நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று பிறகு பதிவில் பார்த்தேன். பதினோரு வினாடி. பன்னிரண்டாவது வினாடியில் ஆஷ்லின் பாட ஆரம்பிக்கிறாள். பாடற்குழுவில் இருக்கும் கல்லூரிப் பெண். மெல்லிய குரல், பயந்த குரல். மீதி நிலைகளை அவள் ஒருவழியாகப் பாடி முடித்தாள். அக்கா படியிலிருந்து இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து போய்க் கதவோரம் உட்கார்ந்தார்.

உயிர்ப்பு ஞாயிறன்றும் அங்கேதான் உட்கார்ந்தார்.

"வயசாயிருச்சுங்க. இனி ஆஷ்லினே பாடட்டும்" என்று ஆசிர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். சேலத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனார். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். அதை அவர் நம்பவில்லை. "அந்த டாக்டருக்கு என்ற தொண்ட தெரியும். என்ற பாட்டுத் தெரியுமா?" என்றார். துணி வெளுக்கும் இடத்தில் இருக்கும் நீராவியும் மருந்து நெடியும்தான் குரலைத் தின்றுவிட்டன என்று முடிவு கட்டினார். மேனேஜரிடம் கெஞ்சி அறை வேலைக்கு மாறியது அப்போதுதான். மிளகுக் கசாயம், வெந்நீர், சுக்கு. வீட்டில் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். லாசர் அண்ணன் முதலில், "ஊடு இப்பத்தான் அமைதியா இருக்குது, நிம்மதியாத் தூங்கறேன்" என்று கிண்டல் செய்தார். இரண்டு வாரம் கழித்து என்னைப் பாதையில் நிறுத்தி, "ஏங்கண்ணு, இவ சமைக்கறப்பகூட மொனகறதில்ல. ஏதாச்சும் படத்தப் போட்டுக் காட்டி அவளப் பேச வெய்யேன்" என்றார். சிரிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய வெள்ளிப் பதிவை ஹெட்போனில் கேட்ட அன்றே வந்துவிட்டது. அவர் குரல் உயிரற்ற ஒரு சின்ன அறைக்குள் பாடுவதுபோல வறண்டு கிடந்தது. ஆனால் என் கணக்கு ஒன்று புள்ளி மூன்று என்று சொன்னது. கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாகவே வந்தது. அப்படியானால் அவர் தொண்டைதான், வயதுதான், நீராவிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பினேனா? நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் பெயரைச் சொல்லி நன்றி அறிவித்திருந்தார்கள் அல்லவா? ஆறு வாரம் அந்த வசதியில் இருந்தேன். அந்த ஆறு வாரத்தில் அவர் ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறினார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அவரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்வது, பலகை போடுவதற்கு முன் எடுத்த பலூன் சத்தத்திலிருந்து பழைய கோயிலின் ஒலியை எடுத்து அவர் குரல்மேல் போர்த்துவது, எதையும் சொல்லாமல் போட்டுக் காட்டுவது. குரல் நன்றாக இருக்கிறது என்று அவர் நம்பிவிடுவார். நானும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது.

"வெளாட்டா ஒரு பாட்டு மட்டும்" என்று நச்சரித்து அழைத்து வந்தேன். பாலசுப்பிரமணியம் அண்ணன் டீ வாங்கிக்கொடுத்தார். "பாடகியம்மா வந்திருக்காங்க, நாற்காலியத் தொடடா" என்று என்னை விரட்டினார். அக்கா மைக்கைப் பார்த்துப் பயந்தார். இரண்டு வரி மட்டும் தாழ்ந்த குரலில் பாடினார். நான் பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு புருவம் சுருங்கியது.

"இது நம்ம கோயில்தான?"

"ஆமாங்கக்கா."

"பழைய கோயிலு."

"ஆமாங்க."

"ஆனா உள்ள யாருமே இல்லியே கண்ணு."

எனக்குப் புரியவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரிந்த சாதாரண விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வெசாலக்கெழம கூட்டப் போறப்பத்தான் இப்படி ரீங்ரீங்னு கேக்கும். சனம் வந்து ஒக்காந்துட்டா இப்படியா கேக்கும்? இதுல பாதிதான் வரும். இதுல நான் காலிக் கோயில்ல நின்னு பாடறனாட்டம் இருக்குது. என்னய வெளிய தொரத்திட்டு பலூன் ஒடச்சியே, அன்னைக்கு எடுத்ததா இது?"

நான் ஹெட்போனை வாங்கி மேஜைமேல் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்துகொண்டார். "நல்லாத்தான் பண்ணியிருக்கற. ஆனா பாட்டு போனது போனதுதான் சாமி" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். துணி, உடம்பு எல்லாம் சத்தத்தைக் குடிக்கும் என்று அவரிடம் சொன்னவனே நான்தான். அதற்காகவே அவரை வெளியே அனுப்பினேன். அளந்து முடித்த பிறகு சனத்தை உள்ளே கூட்டிவந்து உட்கார வைக்க மறந்துவிட்டேன். சாப்ட்வேரில் எங்கள் கோயிலை மறுபடி திறந்தேன். ஜமக்காளம் விரித்தேன். நூற்றெண்பது பேரைத் தரையில் உட்கார வைத்தேன். கம்பளித் துணி என்று தேர்வு செய்தேன். சத்தம் அடங்கும் நேரம் புள்ளி ஆறு. ஒரு படுக்கையறை அளவு. பிறகு கூரைப் பலகைகளை எடுத்துவிட்டு, சனத்தை அப்படியே வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி இரண்டு.

அதாவது ஒன்றுமே செய்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் தங்கள் ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்தாலே அந்தக் கோயில் சரியாக இருந்தது. பிரசங்கம் புரியாமல் போனதற்குக் காரணம், இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிரே முறைத்துக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கிகள். அவற்றைத் திருப்பி வைத்திருந்தால் போதும். நான் அவற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கணக்கில் குளிர் இல்லை, கம்பளி இல்லை, ஆளே இல்லை. இந்த ஊரில் பிறந்து, இதே ஜமக்காளத்தில் அப்பாவின் சால்வைக்குள் உட்கார்ந்து வளர்ந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? படித்ததால் வந்த மறதியா, அல்லது படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் அவசரமா? இன்னும் எனக்கு விடை தெரியாது.

மறுநாள் மாலை ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அக்காவைப் பிடித்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றார். லேப்டாப்பைத் திறந்து எண்களைக் காட்டினேன். கோடுகளைக் காட்டினேன். "உங்க தொண்டைக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. பலகைதான் காரணம். நான் போட்ட கணக்குத் தப்பு" என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார்.

"எப்பத் தெரியும்?"

"நேத்துத்தானுங்க உறுதியாச்சு."

"உறுதியானத கேக்கல. சந்தேகம் எப்ப வந்துச்சு?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பெரிய வெள்ளியன்னைக்கே."

"ஆறு வாரம்" என்றார். குரல் உயரவில்லை. "நான் கசாயம் குடிச்சிட்டுக் கெடந்தேன். கொழாய் உட்டுப் பாத்தாங்க, வாந்தி எடுத்தேன். பதினோரு வருசம் பாத்த வேலய உட்டுட்டு, முட்டி வீங்கப் படி ஏறிட்டு இருக்கறேன். ஆண்டவரு எதுக்கு எங்கிட்ட குடுத்தத எடுத்துட்டாருன்னு தெனம் கேட்டுட்டு இருந்தேன். நீ தெரிஞ்சும் பேசாம இருந்துட்டு, நேத்து எனக்குக் காதுல மாட்டி ஏமாத்தப் பாத்தியா?"

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட எதுக்குக் கேக்கற? நான் நின்னுட்டு இருந்த எடத்துல நின்னு கேளு. எல்லாரும் இருக்கறப்ப. மைக் இல்லாம."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். அதே பஸ்ஸில்தான் நானும் போக வேண்டும். ஏறவில்லை. நடந்தே போனேன்.

ஆசிர் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் கறுத்தது. "ஏண்டா, கூரையில பலகை போட்டு, பேரு பொறிச்ச கல்லும் வெச்சாச்சு. இப்ப வந்து தப்புன்னா அந்தக் குடும்பத்துக்கு நான் என்னடா பதில் சொல்றது? அந்தம்மாளுக்குக் கொரலு சரியாயிருச்சுன்னா மைக்ல பாடட்டும். உனக்கு எதுக்கு வேண்டாத வேல? உன்ற பேரும் சேந்துதான கெடும்?"

அவர் சொன்னதில் என்னைத் தொட்டது அந்தக் கடைசிச் சொல்தான். அன்று இரண்டு மணி நேரம் நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஃபாதரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கீழ்ப்படியில் போய் நின்றேன். ஃபாதர் மைக்கை நீட்டினார். வேண்டாம் என்றேன். பேச ஆரம்பித்தேன். என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டியதாகத் தெரியவில்லை. பேசுவது எனக்கே கேட்காதது போல இருந்தது. உரக்கப் பேசினேன். மூச்சு முட்டியது. யாரோ என் வாயில் துணியை அடைத்ததுபோல.

"சத்தமாச் சொல்லு சாமி! கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"லேப்டாப் புள்ளைக்கு சார்ஜ் போடலீங்களாட்ட இருக்குது" என்று இன்னொருவர். சிரிப்பு.

கத்தினேன். பலகை போடச் சொன்னது என் தப்பு. ஆளில்லாமல் அளந்தேன். ஸ்வெட்டர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. சாந்தாமேரி அக்காவுக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. பெரிய வெள்ளியன்று அவர் பாட்டு கெட்டது இந்தக் கூரையால். தெரிந்தும் ஆறு வாரம் மறைத்தேன். இவ்வளவும் சொல்வதற்குள் தொண்டை எரிந்தது. பதினான்கு நிலையில் ஒன்பது நிலை வரை அவர் எப்படிப் பாடினார் என்று அப்போதுதான் நினைத்தேன்.

பிறகு லாசர் அண்ணன் தன் மப்ளரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாங்க ஸ்வெட்டரக் கழட்டிப் போட்டுட்டுத்தான் பாட்டுக் கேக்கோணுமாக்கும்?" என்று கேட்டார். கோயிலே சிரித்தது. அந்தச் சிரிப்பும் எழுந்த வேகத்தில் அடங்கியது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். அதுவரை யாரும் கவனிக்காத ஒன்றை ஒரே நேரத்தில் கவனித்தது போல இருந்தது. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமேரி அக்கா சிரிக்கவில்லை. கதவோரம் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார்.

பேரவை கூடிப் பேசியது. பெங்களூர்க் குடும்பத்தோடு ஆசிர் அண்ணன் அரை மணி நேரம் போனில் பேசினார். கதவுப் பக்கத்துப் பலகைகள் இருக்கட்டும், பீடத்தின் பக்கம் பாதியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகி, அப்படியே கழற்றினார்கள். ஒலிபெருக்கிகளைப் பீடத்தருகே கொண்டுவந்து சனத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். பிரசங்கம் இப்போதும் தெளிவாகவே கேட்கிறது. ஆசிர் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ரிசார்ட்டில் அக்காவின் பழைய இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். இவர் இன்னும் மாடிப்படிதான் ஏறுகிறார்.

ஜூனில் அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு, ஃபாதரே போய்க் கேட்டுக்கொண்டதால், அக்கா ஒத்திகைக்கு வந்தார். மழைக்காலக் குளிர். சனமும் வேடிக்கை பார்க்கக் கம்பளியோடு வந்து உட்கார்ந்திருந்தது. அவர் படியில் ஏறி நின்றார். தொண்டையைச் செருமினார். இருபது வருடத்தில் பாடுவதற்கு முன் அவர் செருமியதை நான் கேட்டதில்லை. ஒரு வரி பாடினார். நன்றாக இருந்தது. மேலே போனது, திரும்பி வந்தது. சனம் சேரப் போகிற நேரத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்குதா?" என்றார்.

"நல்லாக் கேக்குதுங்க!" என்றது கூட்டம்.

மறுபடி பாடினார். மறுபடி நிறுத்தினார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"கண்ணு, கேக்குதா?"

"கேக்குதுங்கக்கா. முன்ன மாதிரியே இருக்குது."

நான் சொன்னது உண்மை. எந்தக் கருவியும் வைத்து அளக்காமல் என் காதால் கேட்டுச் சொன்ன உண்மை. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்ற ஆஷ்லினிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீ சொல்லு புள்ள. நெசமாவே கேக்குதா?"

ஆஷ்லின் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் பாட ஆரம்பித்தார்.